6,000-ஆவது இ-பாஸ் யாருக்கு? வலைச்சேவை கட்டக் கற்பவர்களுக்கு ஓர் அடிப்படை விளக்கம்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. சீசனில் நாளொன்றுக்கு 20,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இதற்குக் காரணமாக அமைந்தது. முதல் ஆண்டில் விண்ணப்பித்த அனைவருக்கும் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டிகள் ஏறுகின்றன என்று தெரிந்துகொள்வதே அப்போதைய நோக்கம். 2025 மார்ச்சில் நீதிமன்றம் உச்சவரம்பு விதித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

அந்த எண் வந்த நாளிலிருந்து இதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கணினி வேலையின் தன்மையே மாறிவிட்டது. யார் வந்தாலும் பெயரை எழுதிக்கொள்ளும் பதிவேட்டை எவரும் எளிதாகக் கட்டலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும்போது, சரியாக 6,000 பேருக்கு மட்டும், ஒருவருக்கு ஒன்று என்று கொடுத்து நிறுத்தும் சேவையைக் கட்டுவது வேறு வகையான வேலை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் கேத்தி பொறியியல் கல்லூரியிலும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும் கணினி படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வெளியே தேட வேண்டியதில்லை.

அரசின் இ-பாஸ் தளம் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இங்கே பேச்சில்லை. அதே வேலையைச் செய்யும் சேவை ஒன்றை மாணவர் ஒருவர் தன் செமஸ்டர் புராஜெக்டாகக் கட்டினால் எங்கெங்கே இடறுவார், அந்த இடங்களில் என்ன கற்க வேண்டும் என்பதே பொருள். சர்வரில் ஓடும் நிரல் இந்தப் படிப்பில் சிறு பங்குதான். இரண்டு கணினிகளுக்கு நடுவில் நடப்பதே பெரும் பங்கு. அதைத்தான் நம் லேப்களில் மிகக் குறைவாகத் தொடுகிறோம்.

தளம் வேறு, சேவை வேறு

மனிதர் கண்ணால் பார்த்து விரலால் அழுத்தும் பக்கம் வலைத்தளம். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடு வலைச்சேவை. சுற்றுலாப் பயணி படிவத்தை நிரப்பும் பக்கம், சோதனைச் சாவடியில் கியூஆர் குறியீட்டைப் படிக்கும் கைப்பேசிச் செயலி, கலெக்டர் அலுவலகத்தில் அன்றைய எண்ணிக்கையைக் காட்டும் திரை என மூன்று முகங்கள் இருக்கலாம். மூன்றும் பேசுவது ஒரே சேவையிடம். இப்படிக் கம்பி வழியாகவோ அலைவரிசை வழியாகவோ பேசிக்கொள்ளும் எல்லா நிரல்களுக்கும் பொதுப்பெயர் நெட்வொர்க் செயலி.

பேசும் முறைக்கு இரண்டு மரபுகள் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது சோப். எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவ உறைக்குள் போட்டு, கண்டிப்பான ஒப்பந்தத்தின்படி அனுப்பும் முறை அது. அதே 2000-இல் கணினி அறிஞர் ராய் ஃபீல்டிங் தன் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற அணுகுமுறையை விளக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி, அதன்மேல் செய்யக்கூடிய சில பொதுவான செயல்கள் என்பது அதன் சாரம். இன்று புதிதாக எழுதப்படுவதில் பெரும்பகுதி ரெஸ்ட் வழியில், ஜேசன் என்ற எளிய உரை வடிவில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் சோப் இன்னும் இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டாம். பழைய வங்கி, அரசு அமைப்புகளோடு இணைக்கும் வேலை கிடைத்தால் அது கைகொடுக்கும்.

பட்டனை அழுத்தியதும் நடப்பவை

"விண்ணப்பி" என்ற பட்டனை முதன்முறையாக அழுத்தும்போது, பதில் வருவதற்குள் கைப்பேசிக்கும் மறுமுனைக்கும் இடையே நான்கு முறையாவது தகவல் போய்த் திரும்புகிறது. ஒரு முறை போய்த் திரும்புவதை ஒரு சுற்று என்போம்.

1. தளத்தின் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது.
2. அந்த முகவரியோடு டிசிபி இணைப்பு ஏற்படுத்துவது. "பேசலாமா" என்று கேட்டு "பேசலாம்" என்ற பதில் வந்த பிறகே மேற்கொண்டு எதையும் அனுப்ப முடியும்.
3. டிஎல்எஸ் மூலம் இரகசியச் சாவியை முடிவு செய்வது. 2018-இல் வந்த 1.3 பதிப்பில் இதற்கு ஒரு சுற்று போதும். அதற்கு முந்தைய 1.2-இல் இரண்டு சுற்று.
4. வலையின் பொதுமொழியான எச்டிடிபியில் கோரிக்கையை அனுப்பிப் பதிலைப் பெறுவது.

ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட், நான்கு சுற்றுக்கு 40. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதையே மலைச் சரிவில், ஒரு கோடு சிக்னல் உள்ள கைப்பேசியில் நினைத்துப் பாருங்கள். டவருக்கும் கைப்பேசிக்கும் நடுவே பொட்டலங்கள், அதாவது தகவலின் சிறு துண்டுகள், தொலைந்து மீண்டும் அனுப்பப்படும்போது ஒரு சுற்றுக்கு அரை நொடி ஆவது சாதாரணம். நான்கு சுற்றுக்கு இரண்டு நொடி போய்விடும், அதுவும் சர்வர் தன் வேலைக்கு எடுக்கும் நேரத்தைச் சேர்க்காமலே.

"நெட் ஸ்லோ" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்பதை உயர்த்தினாலும் இது குறையாது. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் குறையும். ஏற்படுத்திய இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துவதும், ஐந்து கோரிக்கைகளாகக் கேட்பதை ஒன்றாகக் கேட்பதும் அதற்கான வழிகள். 2022-இல் தரநிலையான எச்டிடிபி 3, இரண்டாவது சுற்றையும் மூன்றாவதையும் ஒன்றாக்குவதும் இதற்காகத்தான்.

சாக்கெட்டில் தொடங்குங்கள்

இன்று பொதுவான வேலைகளை முன்பே எழுதித் தரும் எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுத்தாலும் பத்து வரியில் ஒரு வலைச்சேவை ஓடிவிடும். அதனால் பல மாணவர்கள் ஃப்ரேம்வொர்க்கோடு தொடங்கி அதோடு நின்றுவிடுகிறார்கள். நெட்வொர்க்கில் பேச இயங்குதளம் நிரலுக்குத் தரும் வாசலான சாக்கெட்டை ஒரே ஒரு முறையாவது நேரடியாகக் கையாண்டு, எச்டிடிபி கோரிக்கையைத் தாங்களே படித்துப் பதில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1983-இல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த அதே பைண்ட், லிசன், அக்செப்ட் அழைப்புகள் இன்றும் எல்லா ஃப்ரேம்வொர்க்கின் அடியிலும் ஓடுகின்றன.

அப்படி எழுதும்போது கிடைக்கும் முதல் பாடம், டிசிபி செய்திகளை அனுப்புவதில்லை, பைட்டுகளின் ஓட்டத்தை அனுப்புகிறது என்பது. ஒரு முனையில் ஒரே தடவையாக எழுதியது மறுமுனைக்கு இரண்டு துண்டாக வரலாம். இரண்டு தடவை எழுதியது ஒன்றாக ஒட்டியும் வரலாம். லோக்கல்ஹோஸ்டில், அதாவது இரு முனையும் ஒரே கணினியில் இருக்க, சிறிய செய்திகளை வைத்து ஓட்டிப் பார்க்கும்போது இது பெரும்பாலும் வெளியில் தெரியாது. இரண்டு கணினிகளுக்கு நடுவே போட்டால்தான் தெரியும். ஆகவே செய்தி எங்கே முடிகிறது என்பதை அனுப்புபவர் சொல்லியாக வேண்டும். எச்டிடிபியில் உள்ளடக்கத்தின் நீளத்தைத் தலைப்புப் பகுதியில் குறிப்பிடுவது அதற்காகத்தான்.

தமிழில் எழுதும் நமக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. தங்குமிடம் என்ற கட்டத்தில் ஒருவர் "கோத்தகிரி" என்று தட்டச்சு செய்கிறார். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. யூனிகோடில் க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என ஒன்பது குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் கம்பியில் போவது 27 பைட். பைத்தானிலோ ஜாவாவிலோ அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 9 என்று வரும். அந்த 9-ஐ அப்படியே நீளமாகக் குறிப்பிட்டு அனுப்பினால், மறுமுனை ஒன்பது பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். அங்கே பதிவாவது "கோத". மீதி 18 பைட் எங்கும் போய்விடாது. இணைப்பிலேயே கிடந்து, அடுத்த கோரிக்கையின் தொடக்கமாகப் படிக்கப்பட்டு அதையும் கெடுக்கும். ஊட்டி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து சோதித்தவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்றுக்கு ஒன்று.

கடைசி பாஸ்: ஒரே கணத்தில் இருவர்

உச்சவரம்பு கொண்டுவரும் உண்மையான சிக்கல் இது. மாணவர் முதலில் எழுதும் நிரல் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்: இதுவரை எத்தனை பாஸ் கொடுத்தோம் என்று டேட்டாபேஸைக் கேள், 6,000-க்குக் குறைவாக இருந்தால் புதிய பாஸை எழுது. படிக்கும்போது தவறே தெரியாது. இப்போது 5,999 பாஸ்கள் போய்விட்டன, மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவரும் மைசூருவிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் அழுத்துகிறார்கள்.

1. முதல் கோரிக்கை எண்ணிக்கையைப் படிக்கிறது: 5,999.
2. அது எழுதுவதற்குள் இரண்டாவது கோரிக்கையும் படிக்கிறது: 5,999.
3. முதல் கோரிக்கை பாஸை எழுதுகிறது.
4. இரண்டாவதும் எழுதுகிறது. மொத்தம் 6,001.

எப்போதோ நடக்கும் அபூர்வம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே 20 மில்லிசெகண்ட் இடைவெளி, ஒரு நொடிக்கு 100 கோரிக்கை என்று வைத்தால், ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் சராசரியாக வேறு இரண்டு கோரிக்கைகள் வந்து விழும். கோடை விடுமுறைச் சனிக்கிழமைக்கான பதிவில் இது நடந்தே தீரும். லேபில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து அழுத்திப் பார்க்கும்போது நடக்கவே நடக்காது.

இதற்கு மாணவர்கள் போடும் முதல் மருந்து, நிரலுக்குள் ஒரு பூட்டு. ஒருவர் உள்ளே போனால் அவர் வெளியே வரும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒரே சர்வர் இருக்கும்வரை இது பலிக்கும். கூட்டம் கூடி இரண்டாவது சர்வரைச் சேர்த்த அன்றே பயனற்றுப்போகும். முதல் சர்வரின் நினைவகத்தில் இருக்கும் பூட்டை இரண்டாவது சர்வர் அறியாது.

தீர்வு, முடிவெடுக்கும் வேலையை எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான டேட்டாபேஸிடம் ஒரே கட்டளையாகக் கொடுப்பது. "அந்தத் தேதிக்கு மீதி பூச்சியத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் அதில் ஒன்றைக் குறை" என்று சொல்ல வேண்டும். கட்டளை முடிந்ததும், எத்தனை வரிசைகள் மாறின என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால் பாஸ் உண்டு, பூச்சியம் என்றால் தீர்ந்துவிட்டது. மீதியைக் குறைப்பதும் பாஸை எழுதுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்ற ஏற்பாட்டுக்குள், இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் மின்சாரம் போனால் மீதி குறைந்திருக்கும், பாஸ் யாரிடமும் இருக்காது. மலை ரயிலின் கடைசி இருக்கைக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கைப்பேசி எண்ணை உறுதி செய்ய ஓடிபி கேட்டால், அது வரும்வரை அந்த இடத்தை யாருக்கு வைத்திருப்பது? ஓடிபிக்குப் பிறகுதான் ஒதுக்குவோம் என்றால், படிவம் முழுவதையும் நிரப்பியவரிடம் கடைசியில் "தீர்ந்துவிட்டது" என்று சொல்ல நேரும். முன்பே ஒதுக்கினால், பாதியில் விட்டுப்போனவர்களின் இடங்கள் வீணாகும். முன்பே ஒதுக்கி, ஐந்து நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் தானாக விடுவிப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் வராவிட்டால் என்ன அர்த்தம்?

பாஸுக்கு அழுத்தியாயிற்று. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. பாஸ் கிடைத்ததா இல்லையா? ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பியவருக்கு அந்த அட்டை திரும்பாவிட்டால், கடிதம் தொலைந்ததா அட்டை தொலைந்ததா என்று தெரியாது. கைப்பேசிக்கும் அதே நிலைதான். கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். சர்வர் பாஸை எழுதிவிட்டு அனுப்பிய பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கைப்பேசியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ட்ச், நெட்வொர்க் நிரல் எழுதுபவர்களின் தவறான நம்பிக்கைகளை 1990-களில் பட்டியலிட்டபோது "நெட்வொர்க் நம்பத்தக்கது" என்பதை முதலாவதாக வைத்தார். சமவெளியில் வேகமான இணைப்பில் பழகியவர்களுக்கு இது ஏட்டுப்பாடம். மண்சரிவில் சாலை பெயரும்போது ஓரத்தில் புதைத்த ஃபைபரும் போய்விடும் மலைப்பகுதியில் இது வடகிழக்குப் பருவமழையின் வழக்கமான செய்தி.

பதில் வராதவர் மறுபடி அழுத்தத்தான் செய்வார். ஆகவே ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி சேவையைக் கட்ட வேண்டும். எச்டிடிபி தரநிலைப்படி கெட் (எடு), புட் (இந்த இடத்தில் வை), டெலீட் (நீக்கு) ஆகிய கோரிக்கை வகைகள் இப்படி நடந்துகொள்ள வேண்டியவை. புதிதாக ஒன்றை அனுப்பப் பயன்படும் போஸ்ட் என்ற வகைக்கு அந்த உறுதி இல்லை. பாஸ் விண்ணப்பம் போஸ்டாகவே இருக்கும் என்பதால் பொறுப்பு நம்மிடம் வருகிறது. வாகன எண்ணும் தேதியும் சேர்ந்த இணை ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே விதி வைத்துவிடலாம். அந்த விண்ணப்பதாரரே மறுமுறை கேட்டால் பிழைச் செய்தி காட்டாமல், முன்பு எழுதிய அதே பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் வாகன எண்ணை இடைவெளி விட்டு எழுதுவார், இன்னொருவர் கோடு போட்டு எழுதுவார். சேமிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் அந்த விதி வேலை செய்யாது.

மறுமுயற்சிக்கும் ஒழுங்கு வேண்டும். திணறிக்கொண்டிருக்கும் சர்வரிடம் ஆயிரம் கைப்பேசிகள் ஒவ்வொரு நொடியும் மறுபடி கேட்டால் அது எழவே எழாது. ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்து, அதில் சிறிது தற்செயல் நேரத்தையும் கலக்க வேண்டும். சர்வர் தன் பங்குக்கு 503 (இப்போது இயலாது) அல்லது 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்ற எச்டிடிபி குறியீட்டோடு "இத்தனை நொடி கழித்து வா" என்று சொல்லலாம். எல்லாப் பிழைக்கும் 200 (வெற்றி) என்று பதில் அனுப்பி, உள்ளே "தோல்வி" என்று எழுதும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே விட்டுவிடுவது நல்லது. மறுமுனையில் படிப்பது நிரல், அது முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

சாவடியில் சிக்னல் இல்லாத நேரம்

கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ வண்டிகள் நிற்கின்றன. ஒவ்வொரு கியூஆருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் உறுதி செய்வது என்று கட்டியிருந்தால், சிக்னல் போன பத்து நிமிடத்தில் வரிசை சாலையை அடைத்துவிடும். மாற்று, டிஜிட்டல் கையொப்பம். வாகன எண், தேதி, பாஸ் எண் மூன்றையும் சேர்த்துச் சர்வர் தன் இரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, அதையும் கியூஆருக்குள் வைத்துவிடும். எட்25519 என்ற கையொப்ப முறையில் கையொப்பம் 64 பைட்தான். சாவடிக் கைப்பேசியில், சரிபார்க்க மட்டும் உதவும் 32 பைட் பொதுச் சாவி இருந்தால் போதும், இணைப்பே இல்லாமல் சரிபார்த்துவிடலாம். கோவிட் தடுப்பூசிச் சான்றிதழின் கியூஆரும் கையொப்பமிட்டதுதான். வாகன எண் உள்ளேயே இருப்பதால், படத்தை வாட்ஸ்அப்பில் வேறொருவருக்கு அனுப்பினாலும் அவர் வண்டிக்கு அது செல்லாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒருவர் காலையில் பாஸை ரத்து செய்கிறார், அந்த இடம் வேறொருவருக்குப் போகிறது. பிறகு ரத்து செய்தவரும் மனம் மாறி பழைய கியூஆரோடு கிளம்பி வருகிறார். இணைப்பில்லாத சாவடிக்குக் கையொப்பம் சரியாகவே தெரியும், உள்ளே விட்டுவிடும். துல்லியம் வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும், ஓட்டம் தடைபடக் கூடாதென்றால் சிறு பிழையைப் பொறுக்க வேண்டும். இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது என்று கணினி அறிஞர் எரிக் ப்ரூவர் 2000-இல் முன்வைத்ததை, 2002-இல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிறுவிக் காட்டினார்கள். கேப் தேற்றம் என்று தேர்வில் எழுதுவது இதைத்தான். எதை விட்டுக்கொடுப்பது என்பதை நிரலாளர் தனியாக முடிவு செய்யக் கூடாது. இங்கே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிறர் விவரம் நம் கையில்

பாஸ் எண்ணை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்து, அதையே முகவரியிலும் வைத்தால், எண்ணை ஒன்று கூட்டி அடுத்தவரின் பாஸை யாரும் திறந்து பார்க்கலாம். அதில் கைப்பேசி எண் இருக்கும், எந்தத் தேதியில் எங்கே தங்குகிறார் என்பதும் இருக்கும். கேட்பவருக்கு அந்தப் பாஸைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வர் சரிபார்க்க வேண்டும். படிவத்தில் வந்த எதையும் அப்படியே டேட்டாபேஸ் கட்டளையில் ஒட்டக் கூடாது. தேவையில்லாத விவரத்தை முதலில் கேட்கவே கூடாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடமையாக்கும் திசையில் போகிறது.

லேபில் செய்து பார்க்க வேண்டியவை

ரெக்கார்ட் நோட்டில் ஒட்டும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் போதும். மேலே சொன்ன எதுவும் அங்கே கண்ணில் படாது. இரண்டு கணினிகளும் ஒரு கேபிளும் கொண்டு கீழுள்ளவற்றைச் செய்யலாம். செலவு ஏதுமில்லை.

1. சர்வர் ஒரு கணினியில், கோரிக்கை அனுப்பும் நிரலான கிளையன்ட் இன்னொன்றில். கோரிக்கை போய்க்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். கிளையன்ட் எவ்வளவு நேரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். காலவரம்பு வைக்காத நிரல் நிமிடக்கணக்கில் நிற்கும்.
2. லினக்ஸில் டிசி கட்டளையின் நெட்எம் வசதியால் அரை நொடித் தாமதமும் நூற்றுக்கு ஐந்து பொட்டல இழப்பும் சேருங்கள். பக்கம் திறக்க ஆகும் நேரத்தை முன்பும் பின்பும் குறித்து, எத்தனை சுற்று போகிறது என்று, கம்பியில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் நிரலில் எண்ணுங்கள்.
3. தங்குமிடப் பெயர்களைத் தமிழிலேயே கொடுத்துச் சோதியுங்கள். கோத்தகிரி, குன்னூர், பூம்பாறை, மன்னவனூர்.
4. சர்வர் டேட்டாபேஸில் எழுதிய பிறகு, பதில் அனுப்புவதற்கு முன் சர்வர் நிரலைக் கொன்றுவிடுங்கள். மீண்டும் தொடங்கி, அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்புங்கள்.
5. உச்சவரம்பை 50 என்று வைத்து, இரண்டு சர்வர்களை ஓட்டி, 200 வெவ்வேறு வாகன எண்களோடு 200 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் விடுங்கள். முடிந்ததும் டேட்டாபேஸில் வரிசைகளை எண்ணுங்கள்.

ஐந்தாவது சோதனையைப் பத்து முறையாவது திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒன்பது முறை 50 வந்து, பத்தாவது முறை 51 வந்தால் அந்த நிரல் தவறானது. வைவாவில் நிரலை ஓட்டிக் காட்டச் சொல்லும் ஆசிரியர்கள், அதோடு இந்த எண்ணிக்கையையும் கேட்கலாம்.